பந்தயக் காசு வைத்திருந்தவள்

எண்பத்தாறில் ஜாலான் புசார் சலூனில் நான் மார்க்கர்.
புள்ளி சொல்வேன், பந்து துடைப்பேன்,
சிகரெட் சுட்ட பச்சைத் துணியில் ஓட்டை எண்ணுவேன்.
கிளிப்பச்சைச் சட்டை, மஞ்சள் பேன்ட்டு,
காதிடுக்கில் நீலச் சாக்குக்கட்டியோடு வந்தான்.
பெயர் இருதயசாமி என்றான்.
ஈப்போவில் அவன் அந்தோணி,
ஹட்யாயில் வெறும் ராஜ்.
சிரம்பானில் அவன் பெயரைச் சொன்னால்
கடையில் விளக்கை அணைத்துவிடுவார்களாம்,
அவனே சொன்னதுதான்.

"காசை யாராச்சும் பிடிச்சு வச்சிருக்கணும்.
ரெண்டு பக்கமும் நம்புற முகம் உனக்கு."
என்னைக் கேட்டது அவ்வளவுதான்.

சனிக்கிழமை மதியம் கடற்பாலம் தாண்டுவோம்.
ஜொகூர் எண் போட்ட டட்சன், யார் பெயரிலோ.
பின்சீட்டில் கியூ படுத்திருக்கும்,
அதற்கும் பெல்ட்டு மாட்டுவான்.
என் மடியில் பிஸ்கட் டின்,
டின்னுக்குள் அடுத்த மாத வாடகை.
கூலாயில் தோழிக்குக் கல்யாணம் என்று அம்மாவிடம் சொல்வேன்.
அந்த வருடம் கூலாயில்
பதினொரு தோழிகளுக்குக் கல்யாணம்.

முதல் ஆட்டம் தோற்பான். இரண்டாவதும்.
தோற்பதில் அவனுக்கிருந்த நேர்த்தியை
ஜெயிப்பதில் நான் பார்த்ததில்லை.
மயிரிழை தள்ளித் தட்டுவான்,
பந்து பையின் உதட்டில் நின்று யோசிக்கும்,
தலையில் அடித்துக்கொண்டு மாதாவைக் கூப்பிடுவான்,
எதிராளி எல்லோருக்கும் பீர் சொல்வான்.
பிறகு கியூ இடதுகைக்கு மாறும்.
மேசைக்கடியில் கழற்றிப் போட்ட செருப்பை
அப்போது நான் மாட்டிக்கொள்ள வேண்டும்.
பத்து பஹாட்டில் மாட்டிக்கொண்டு ஓடினோம்.
குளுவாங்கில் ஒன்றைத் தவறவிட்டு ஓடினேன்,
திங்களன்று தேக்காவில் புது ஜோடி வாங்கித் தந்தான்,
வாரோடு வளையமும் வைத்தது, ஓட வசதியாக.

மூவாரில் ஒரு மீன்கடைக்காரர்.
ஆ கியாட், செதில் ஒட்டிய விரல்கள்,
மேசையைத் தொடும்முன் இரண்டு தடவை கை கழுவினார்.
இருதயம் இரண்டு ஆட்டம் தோற்றான்.
கியூவை மாற்றினான். நான் செருப்பை மாட்டினேன்.
ஆ கியாட் ஒரு மிடறு தேநீர் குடித்து
தானும் இடதுகைக்கு மாற்றினார்.

டின் போனது. கைக்கடிகாரம் போனது.
டட்சன் சாவி மேசையில் நீலப் பொடிக்கு நடுவே கிடந்தது.
என் பக்கம் திரும்பினான்:
"இன்னும் ஒரு ஆட்டத்துக்கு இருக்கா?"
இல்லை என்றேன்.

இருந்தது.
ஒவ்வொரு ஊரிலும் பத்து, இருபது என்று
டின்னிலிருந்து நான் கிள்ளி வைத்தது,
ரவிக்கைக்குள் முந்நூற்று நாற்பது வெள்ளி.
அவன் என் முகத்தைப் பார்த்தான்.
நம்பினான்.

பேருந்தில் யோங் பெங் வரை சிரித்துக்கொண்டே வந்தான்.
மீன்காரர் தேநீர் குடித்ததை நடித்துக் காட்டினான்,
முன்சீட்டு ஆளை எழுப்பி மறுபடியும்.
உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் சுங்க அதிகாரி
அறிவிக்க ஏதும் உண்டா என்றார்.
"இருந்துச்சு, சார்."

அந்தக் காசில்தான் தட்டெழுத்து வகுப்பில் சேர்ந்தேன்.
பிறகு அலுவலகம், பெடோக்கில் மூன்றறை வீடு,
பூல் தெரியாத ஒரு நல்ல மனிதர்.
அந்தக் கடைசி ஆட்டத்தை அவன் ஜெயித்திருப்பானா?
படுக்கையில் பல ராத்திரி ஆடிப் பார்த்திருக்கிறேன்.
சில ராத்திரி அவன், சில ராத்திரி மீன்காரர்.

போன மாதம் ஹவ்காங்கில், புளோக்குக்குக் கீழே, பெட்டிக்குள்.
யாரோ வெள்ளைச் சட்டை போட்டுவிட்டிருந்தார்கள்,
அவனை அறியாதவர்கள்.
ஒரு மேசையில் அந்தோணி என்று அழுதார்கள்,
ஒரு மேசையில் ராஜ்.
கச்சான் உரித்துக்கொண்டிருந்த இருவர்
புளோக் எண்ணை நாலு நம்பருக்குக் கட்டப் பேசினார்கள்.

வெள்ளை உறை வாங்கும் பையன் எண்ணிப் பார்த்தான்.
முந்நூற்று நாற்பதா, ஆன்ட்டி? பேரு?
மார்க்கர் என்று எழுதச் சொன்னேன்.
வட்டி சேர்க்கவில்லை.
பேருந்து நிறுத்தம் வரை வேகமாக நடந்தேன்.
செருப்பு இரண்டும் காலில்தான் இருந்தன.